டிப்ஸ் வந்த வழி

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ஓட்டலில் பில் தொகைக்கு மேல் நூற்றுக்கு இருபது டிப்ஸ் வைக்கிறார்கள். நான் தயங்கியதும் மகள் கோபித்துக்கொண்டாள். இந்தப் பழக்கத்தை யார் தொடங்கி வைத்தது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தொடக்கம் இங்கிலாந்தில். அந்தக் கால மாளிகைகளில் விருந்தாளியாகத் தங்கியவர்கள் புறப்படும்போது வேலைக்காரர்கள் கையில் காசு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 1760-களில் பிரபுக்கள் அதை நிறுத்தப் பார்த்தபோது லண்டனில் வேலைக்காரர்கள் கலகமே செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போய்வந்த பணக்காரர்கள் இந்த வழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே அது வேரூன்றிய விதம்தான் வேதனையானது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஓட்டல்களும் ரயில் கம்பெனிகளும் வேலைக்கு எடுத்துக்கொண்டன. சம்பளம் பெயரளவுக்கு, மிச்சத்தை வாடிக்கையாளர் தருவார் என்று விட்டுவிட்டன. ஜார்ஜ் புல்மன் 1867-இல் தொடங்கிய படுக்கை வசதி ரயில்பெட்டிக் கம்பெனி இதில் பெரிய கை. படுக்கை விரிப்பது, பெட்டி தூக்குவது, ராத்திரியில் பயணிகளின் ஷூக்களுக்குப் பாலிஷ் போடுவது எல்லாம் கறுப்பினப் பணியாளர்கள் வேலை. அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக்கூடப் பயணிகள் கூப்பிடவில்லை. முதலாளி பெயரையே வைத்து எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றார்கள். 1915-இல் அரசு விசாரணைக் குழு முன்னால் இவர்களது சம்பளம் பற்றிய பேச்சு வந்தது. மாதம் 27.50 டாலர். கம்பெனி தரப்பில் பதில் சொல்ல வந்து உட்கார்ந்தவர் ராபர்ட் லிங்கன், அடிமை முறை ஒழிய வழிவகுத்த ஆபிரகாம் லிங்கனின் மகன். இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. இந்தப் பணியாளர்கள் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925-இல் சங்கம் கண்டு, பன்னிரண்டு வருஷம் போராடி 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

டிப்ஸுக்கு அமெரிக்காவிலேயே எதிர்ப்பும் இருந்தது. வாஷிங்டன் மாநிலம் 1909-இல் சட்டம் போட்டே தடுத்தது. 1913-இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1966-இல் நிலைமை தலைகீழ். சர்வருக்குக் கிடைக்கும் டிப்ஸையும் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் கணக்குக் காட்டலாம் என்று மத்திய சட்டமே முதலாளிகளுக்கு வழிவிட்டது. இன்று மத்திய சட்டப்படி மற்றவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டியது 2.13 டாலர்தான், அதுவும் 1991 முதல் மாறவே இல்லை. டிப்ஸ் சேர்த்தும் 7.25 வராவிட்டால் குறையை முதலாளி போட்டுத் தர வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியும் முதலாளி பொறுப்பு.

ஆகவே உங்கள் மகள் கோபித்தது நியாயம். முறை பிடிக்கவில்லை என்பதற்காகத் தட்டு ஏந்தி வருகிறவரின் கூலியில் கைவைக்கக் கூடாது.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து சாப்பிட்டால் பில்லைச் சமமாகப் பிரிப்பதா, அவரவர் சாப்பிட்டதற்கா? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: அவரவர் சாப்பிட்டதற்கு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஓர் உணவகத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். ஆறு ஆறு பேராக உட்காரவைத்தார்கள். தனித்தனியே பணம் கட்டியவர்கள் சராசரியாகச் சுமார் 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். சமமாகப் பிரிப்போம் என்று தெரிந்தவர்கள் சுமார் 51. மொத்தமும் இலவசம் என்றதும் 82. பொதுப் பில் என்றால் கை தாராளமாகிவிடுகிறது; குறைவாகச் சாப்பிட்டவர் தலையில் விடிகிறது.

நியூயார்க்கில் நாலு பேர் 18, 22, 30, 50 டாலருக்குச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 120. விற்பனை வரி 8.875 சதவீதம், 10.65 டாலர். டிப்ஸை வரிக்கு முந்தைய தொகையில்தான் போட வேண்டும். 20 சதவீதம் என்றால் 24 டாலர். மொத்தம் 154.65. இதை 120-ஆல் வகுத்தால் 1.28875. ஒவ்வொருவரும் தான் சாப்பிட்ட தொகையை இந்த எண்ணால் பெருக்கிக் கொடுத்தால் வரி, டிப்ஸ் இரண்டும் அதிலேயே அடங்கிவிடும். 18 டாலர்க்காரருக்கு 23.20, 50 டாலர்க்காரருக்கு 64.44. சமமாகப் பிரித்திருந்தால் தலைக்கு 38.66. வெறும் சூப்பும் சாலட்டும் சாப்பிட்டவர் பதினைந்து டாலருக்கு மேல் அநியாயமாக அழுதிருப்பார். கூச்சத்தில் வாயும் திறக்கமாட்டார்.

பணம் வைக்குமுன் பில்லின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஆறு, எட்டுப் பேருக்கு மேல் போனால் பல உணவகங்கள் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாங்களே சேர்த்துவிடும். பார்க்காமல் அதற்குமேல் இன்னொரு இருபது வைத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

கேள்வி: நம் ஊர் ரெஸ்டாரன்ட் பில்லிலும் 'சர்வீஸ் சார்ஜ்' வருகிறதே, கட்டித்தான் ஆக வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகும் வரி, அதைத் தவிர்க்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் கடைக்காரர் தானாகப் போடுவது. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். சர்வீஸ் சார்ஜில் மிஞ்சும் பணத்தில் உங்களால் முடிந்ததைப் பரிமாறியவர் கையிலேயே நேராகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.