செஞ்சாய மரம்

சிவகாசியில் வாழும் சிறுவர்க்குச் செந்நிறம் புதியதன்று. வானில் மலர்ந்து உதிரும் வாணவெடியிலும், அச்சகங்களினின்று வெளிவரும் நாட்காட்டியிலும் அதனை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அண்மையிலுள்ள அருப்புக்கோட்டைத் தறிகளில் ஓடும் நூலிலும் அந்நிறம் உண்டு. வாணவெடியின் செம்மை ஸ்ட்ரான்சியம் என்னும் உலோகத்தின் உப்புகளால் விளைவது. அச்சு மையும் நூற்சாயமும் இந்நாளில் பெரும்பாலும் வேதியியல் ஆலைகளிலிருந்து வருவன. இவ்வாலைகள் தோன்றுமுன் ஆடைக்குச் செந்நிறம் ஊட்டியவை வேர்களும், மரங்களும், அரக்குப்பூச்சி போன்ற சிற்றுயிர்களுமே. அவற்றுள் ஒன்றாகிய சப்பங்க மரத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

சப்பங்கத்திற்குப் பதிமுகம் என்னும் பெயரும் உண்டு. இஃது அவரை, புளி, கொன்றை ஆகியன அடங்கிய குடும்பத்தைச் சார்ந்த சிறு மரம். கிளைகளில் முட்களும், நுனிகளில் மஞ்சள் நிறப் பூங்கொத்துகளும் உடையது. இந்தியாவிலும், மியன்மார், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளிலும் வளர்வது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற்பெயர் சூட்டியபோது, கீழ்நாட்டு மக்கள் வழங்கிய பெயரை ஒட்டி ‘சப்பான்’ என்னும் சொல்லையும் அதில் அமைத்தார். நம் நாட்டாரின் நாவில் வழங்கும் சொல்லின் சாயல் இவ்வாறு உலகப் பொதுப்பெயரிலும் நிலைத்துவிட்டது.

இம்மரத்தின் சிறப்பு அதன் வைரத்தில் உள்ளது. புதிதாக வெட்டிய வைரம் வெளிறித் தோன்றும், காற்றுப்பட்டபின் சிவக்கும். அதனைச் சீவி நீரில் கொதிக்கவைத்தால் செஞ்சாறு இறங்கும். நூலை முதலில் படிகார நீரில் தோய்த்துப் பின் இச்சாற்றில் இட்டால் செந்நிறம் ஏறும். படிகாரம் நூலுக்கும் சாயத்திற்கும் இடையே நின்று இரண்டனையும் பிணைக்கின்றது. படிகாரத்திற்கு மாறாக அன்னபேதியைச் சேர்த்தால் கருஞ்செம்மை தோன்றும். எனினும் வெயிலில் நிறம் மங்குதல் இச்சாயத்தின் குறையாகும். கேரள நாட்டினர் இக்கட்டையை இட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீரை இன்றும் விரும்பிப் பருகுகின்றனர்.

இடைக்காலத்தில் ஐரோப்பியர் இக்கட்டையைப் ‘பிரேசில்’ என்னும் பெயரால் அழைத்தனர். 1500ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் தென்னமெரிக்கக் கரையை அடைந்து, ஆங்கே இதனோடு உறவுடைய மற்றொரு செஞ்சாய மரத்தைக் கண்டனர். நாளடைவில் அம்மரத்தின் பெயரே அந்நாட்டின் பெயராயிற்று. மரம் நாட்டிற்குப் பெயர் தந்தது. மனிதரோ மரத்திற்கு அழிவைத் தந்தனர். பழங்குடி மக்களின் உழைப்பால் மரங்கள் வெட்டப்பட்டுக் கப்பல் கப்பலாகச் சென்றன. கடலோரக் காடுகள் சுருங்கின. 1978ஆம் ஆண்டில் அதனைத் தேசிய மரமாகப் பிரேசில் அறிவித்தது. 2007ஆம் ஆண்டில் அதன் வாணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது.

1856ஆம் ஆண்டில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் ஒன்றை ஆக்கினார். அதன்பின் ஆலைச் சாயங்கள் பெருகின. மரச்சாயங்களின் வாணிகம் தளர்ந்தது. ஆயினும், அப்பெர்க்கினின் மகனாரே சாயமரங்களின் செம்மைக்குக் காரணமான பிரேசிலின் என்னும் பொருளின் அமைப்பை ஆராய்ந்தார் என்பது வியப்பன்றோ? அவருடன் உழைத்த இராபர்ட் இராபின்சன் 1947ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

பிரேசிலினைவிட ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் மிகுதியாக உடைய பொருள் ஹெமடாக்சிலின். மெக்சிகோ நாட்டுச் சாயமரம் ஒன்றிலிருந்து அது கிடைக்கின்றது. நோயாளியின் உடலினின்று எடுத்த சிறு தசைத் துணுக்கை மெல்லியதாகச் சீவி, படிகாரம் கூட்டிய இச்சாயத்தில் தோய்த்தால், உயிரணுக்களின் உட்கரு நீலநிறமாகத் தெரியும். உருக்காட்டியின் வழியே நோக்கும் மருத்துவர் புற்றுநோய் உண்டா, இல்லையா என்பதைத் துணிகின்றார். நெசவாளர் நூலுக்கு இட்ட அதே படிகாரம் ஈண்டு உயிர் காக்கும் பணிக்கு உதவுகின்றது. சாயச் சட்டியில் பிறந்த அறிவு மருத்துவமனையில் வாழ்கின்றது.

மாணவர்களே! நாட்டுமருந்துக் கடையில் சிறிது பதிமுகம் வாங்கி, பெரியோர் துணையுடன் நீரில் காய்ச்சுங்கள். ஆறியபின் இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள், சிவப்பு மஞ்சளாகும். மற்றொன்றில் சமையற்சோடாவை இடுங்கள், சிவப்பு மிகும். அமிலமும் காரமும் நிறத்தை மாற்றும் உண்மையை நும் கண்களே கற்பிக்கும். பயன் அற்றது என்று நாம் இன்று கைவிடும் மரம், நாளை யாருடைய உயிரைக் காக்குமோ, யார் அறிவார்? ஆதலின், வெட்டுமுன் கற்போம், கற்றபின் காப்போம்.