மாதுளை ஜூஸா? ஒரு நிமிஷம்!

‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய, இதயத்துக்கு நல்லது’ என்று யாரோ சொல்ல, என் பெரியப்பா தினமும் காலையில் பெரிய டம்ளர் நிறைய மாதுளை ஜூஸ் குடித்தார். மூன்றே மாதத்தில் சுகர் எகிறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று அவர் கேட்டபோதும் பெரியப்பா ஜூஸைப் பற்றி மூச்சு விடவில்லை. பழம்தானே என்ற நினைப்பு!

மாதுளையில் பாலிஃபீனால் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் நிறைய இருப்பது நிஜம்தான். ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் 200 மி.லி. ஜூஸில் பழத்தின் சொந்தச் சர்க்கரை மட்டுமே சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன்.

செய்ய வேண்டியவை

* பழமாகவே சாப்பிடுங்கள். ஜூஸ் போட்டால் நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடும்.
* குடித்தே ஆக வேண்டுமென்றால் 150 மி.லி.யோடு நிறுத்துங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு இது.
* மிக்ஸி ஓடுவதற்கு முன்பே “சீனி வேண்டாம், சிரப்பும் வேண்டாம்” என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கரண்டி தானாகச் சீனி டப்பாவுக்குள் போகும்.
* சாப்பாட்டு வேளையில் குடியுங்கள். இடையிடையே உறிஞ்சினால் புளிப்பும் இனிப்பும் பல்லை அரிக்கும்.
* பி.பி. மாத்திரையோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ எடுப்பவர்கள், தினமும் ஜூஸ் குடிப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் வேலை மாறக்கூடும்.
* லோ சுகர் வந்தவர் நினைவோடு இருந்தால் அரை டம்ளர் ஜூஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பாருங்கள். வேகமாக ஏறும் சர்க்கரை உதவும் நேரம் அதுதான்.

செய்யக்கூடாதவை

* பாக்கெட்டில் ‘100% ஜூஸ்’ என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். அந்த வாசகத்தை நீக்கச் சொல்லி 2024-லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது.
* ‘நோ ஆடட் சுகர்’ என்பதில் மயங்காதீர்கள். ஜூஸில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய கணக்கில்தான் சேர்க்கிறது.
* நோயைத் தீர்க்கும் என்ற விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ‘பாம் வொண்டர்ஃபுல்’ மாதுளை ஜூஸின் அத்தகைய விளம்பரங்கள் ஏமாற்று என்பதை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் உறுதி செய்தது.
* ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஜூஸ் புகட்டாதீர்கள். பால் குடிக்க வேண்டிய வயிறு அதிலேயே நிரம்பிவிடும்.
* கிட்னி பிரச்சினை உள்ளவருக்கு டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.
* கொலஸ்ட்ராலுக்கு அட்டார்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் பக்கம் போகாதீர்கள். மருந்தைச் சிதைக்கும் குடல் என்சைமை அது முடக்குவதால் ரத்தத்தில் மருந்து கூடிவிடும்.
* குடித்த கையோடு பல் தேய்க்காதீர்கள். எனாமல் இளகியிருக்கும், அரை மணி நேரம் பொறுங்கள்.
* ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்க ஜூஸ் பாட்டிலோடு போகாதீர்கள். அவருக்கு சுகர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பெரியப்பா இப்போது அரை மாதுளையைக் கிண்ணத்தில் உதிர்த்து, பேப்பர் படித்துக்கொண்டே மெல்லுகிறார். நீங்களும் இன்று மாலை ஜூஸ் கடையைத் தாண்டிப் போய் ஒரு பழம் வாங்குங்கள்.