நீரில் மிதந்த ஊசி

திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர் அராபியரே என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. காந்த ஊசி நேர்தெற்கு நோக்காது சற்றே கிழக்கே சாய்வதைக்கூடச் சீன அறிஞர் ஷென் குவோ 1088 அளவிலேயே எழுதிவிட்டார். சீன மாலுமிகள் மூட்டமான பொழுதில் அவ்வூசியைப் பார்த்துக் கலம் செலுத்தியதை 1119 அளவில் சூ யூ குறித்துள்ளார்.

அராபியரின் பெருமை வேறிடத்தில் உள்ளது. பைலக் அல் கிப்ஜாக்கி என்பார் 1282இல் அரபியில் இயற்றிய நூலில், 1242இல் இன்றைய லெபனானிலுள்ள திரிப்போலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலேறியபோது தாம் நேரிற் கண்டதை விவரிக்கிறார். விண்மீன் தோன்றாத இரவில் மாலுமிகள் காற்றுப் படாத இடத்தில் நீர்க்கிண்ணம் வைப்பர். துரும்பிற் குறுக்கே ஊசியைச் செருகி மிதக்கவிடுவர். காந்தக்கல்லை நீர்மட்டத்தருகே பிடித்து வலப்புறமாகச் சுழற்றுவர். ஊசியும் உடன் சுழலும். கையைச் சட்டென விலக்கியதும் அது தென்வடலாக நின்றுவிடும். கண்ணாற் கண்டவர் எழுதியது என்பதனாலேயே இக்குறிப்பின் மதிப்பு மிகுகிறது.

இந்தியப் பெருங்கடலில் கலம் செலுத்துவோர் ஊசிக்கு மாற்றாக உள்ளீடற்ற மெல்லிய இரும்பு மீனை மிதக்கவிடுவர் என்றும், அதன் தலையும் வாலும் தெற்கையும் வடக்கையும் காட்டும் என்றும் அவர் கேட்டறிந்து எழுதுகிறார்.

ஏமன் மன்னர் அல் அஷ்ரஃப் உமரோ 1291 அளவில் எழுதிய நூலில், இவ்வூசி கொண்டு கிப்லாவை அறியும் முறையை விளக்கினார். இன்று சட்டைப்பையில் அடங்கும் கிப்லா காட்டிக்கு அதனை மூதாதை எனலாம்.