கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம்

பார்பி கன்வென்ஷனுக்கு முதல்முறையாகப் போகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "விற்பனைக் கூடம் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்பதுதான். அதை விடுங்கள். கூடம் திறப்பதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே ஹோட்டலுக்குப் போய்ச் சேரப் பாருங்கள். நல்ல வியாபாரம், நல்ல பேச்சு இரண்டும் தங்கும் அறைகளில்தான் நடக்கின்றன.

அமெரிக்காவின் தேசிய பார்பி சேகரிப்பாளர் மாநாடு 1980-இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஆண்டுக்கொரு ஊர், ஆண்டுக்கொரு கருப்பொருள், அதையொட்டி ஒரு நினைவுப் பொம்மை. நடத்துவது ரசிகர்களே, பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் கம்பெனி அல்ல. கம்பெனியின் ஆடை வடிவமைப்பாளர்கள் விருந்தாளிகளாக வந்து பேசுவார்கள், பெட்டிமேல் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். 1963 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பார்பிக்கு உடை வடிவமைத்த கரோல் ஸ்பென்சர் போன்றவர்களையும் இப்படிப்பட்ட இடங்களில்தான் நேரில் பார்க்க முடியும். விருந்து, ஏலம், போட்டி, பார்பியின் உடைகளை ஆளுயரத்துக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு ரசிகர்களே நடந்துவரும் ஃபேஷன் ஷோ என்று நிகழ்ச்சி நிரல் நிரம்பி வழியும். ஃபேஷன் ஷோவைத் தவறவிடாதீர்கள். 1959-இல் முதல் பார்பி போட்டிருந்த கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடையில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் மேடையில் நடந்தபோது விழுந்த கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மற்றவற்றுக்கு மனம் இருந்தால் போகலாம்.

அறை விற்பனைக்கு வருகிறேன். சாயங்காலம் ஆனதும் தாழ்வாரத்தில் சில அறைக் கதவுகள் திறந்து கிடக்கும். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். திறந்திருந்தால் தயங்காமல் உள்ளே போகலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். கட்டில், இஸ்திரி மேஜை, குளியலறை மேடை, எங்கும் பொம்மைதான். பையைத் தோளிலிருந்து இறக்கி முன்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது எதையும் தட்டிவிடாமல் இருக்கும். தொடுவதற்கு முன் கேளுங்கள். கையில் லோஷன் தடவியிருந்தால் துடைத்துவிட்டுத் தொடுங்கள். கூடத்தில் வரிசை நெருக்கும்போது விற்பவருக்கு வாய் திறக்க நேரமிருக்காது. அறையில் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.

அப்படித்தான் ஒஹையோவிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் பாடம் கேட்டேன். ஓய்வுபெற்ற நர்ஸ். நான் ஒரு பொம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சிரித்தார். "முகத்தை அப்புறம் பார்க்கலாம், ஹனி. முடியை ஒதுக்கிக் காதைப் பாருங்க" என்றார். உலோகக் கம்மல் போட்ட பழைய பொம்மைகளில், கம்மலின் செம்பு வினைலில் இறங்கிக் காதைச் சுற்றிப் பச்சை படர்ந்துவிடும். முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு க்ரீமை அதன்மேல் தடவி வெளிச்சத்தில் வைத்தால் பச்சை வெளுக்கும். கவனிக்காமல் விட்டால் சுற்றியிருக்கும் தோலும் சேர்ந்து வெளுத்துவிடும். அதனால் பச்சைக் காது மட்டுமல்ல, கன்னத்தைவிட வெளிறிய காதும் சந்தேகத்துக்குரியதுதான்.

அடுத்து இடுப்பைத் திருப்பிக் காட்டினார். பின்புறத்தில் 1966 என்று அச்சாகியிருக்கும். "அறுபதுகளின் பொம்மை" என்று பலர் விலை சொல்வது இதை வைத்துத்தான். அது உடலின் வார்ப்புக்குப் பதிப்புரிமை பதிந்த ஆண்டு. பொம்மை செய்த ஆண்டு அல்ல. அதே முத்திரை 1990-களின் பொம்மைகளிலும் இருக்கிறது. பக்கத்தில் உள்ள நாட்டின் பெயர்தான் கூடுதலாகத் துப்புக் கொடுக்கும்: ஜப்பான் என்றால் பழசு, மலேசியா, இந்தோனேசியா, சீனா என்றால் பிற்காலம்.

புதுப் பொம்மைகளில் பார்க்க வேண்டியது தலை. முடி கழன்று வராமலிருக்க இந்த நூற்றாண்டின் பொம்மைகள் பலவற்றில் தலைக்குள் பசை விட்டிருக்கிறார்கள். வருஷம் போகப் போக அது முடித் துளைகள் வழியே கசிந்து வெளியே வரும். தலையை லேசாக அமுக்கிப் பாருங்கள், பிறகு உச்சி வகிட்டில் விரலை ஓட்டுங்கள். எண்ணெய் வைத்த தலைபோல் பிசுபிசுத்தால் கீழே வைத்துவிடுங்கள். சோளமாவு தூவி உதறினால் சில வாரம் சரியாக இருக்கும், பிறகு பழையபடியே. இந்தப் பிசுக்கு புகைப்படத்தில் தெரியாது. விரலுக்கு மட்டும்தான் தெரியும். கன்வென்ஷனுக்கு விமான டிக்கெட் எடுப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பெட்டி பிரிக்காத பொம்மைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பெட்டிக்குள் இருந்தால் பத்திரம் என்பது பாதி உண்மை. வினைலை மிருதுவாக வைக்கச் சேர்க்கும் பொருள் உள்ளேயே கசியும். செருப்பு பாதத்தோடு ஒட்டும். அடர் நிற உடையின் சாயம் காலில் இறங்கும். விலையும் ஏறுவதாகத் தெரியவில்லை. 1988-இல் முதல் ஹாலிடே பார்பிக்கு ஜனம் அலைந்ததைப் பார்த்து, அடுத்த சில ஆண்டுகளில் வந்தவற்றைப் பலரும் முதலீடாக வாங்கிப் பரணில் ஏற்றினார்கள். எல்லோர் வீட்டுப் பரணிலும் இருக்கிற சரக்குக்கு யார் விலை கொடுப்பார்கள்? கூடத்தின் மூலைகளில் அவை அடுக்கடுக்காகக் கிடக்கும், சீந்த ஆளில்லாமல்.

பேரம் பேசலாம், தப்பில்லை. ஒன்றுக்குக் குறைத்துக் கேட்பதைவிட மூன்றை எடுத்து வைத்துவிட்டு "சேர்த்து என்ன விலை?" என்று கேட்டால் படியும். இன்னொருவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பொம்மைக்கு மட்டும் விலை கேட்காதீர்கள்; அந்தக் கெட்ட பெயர் கன்வென்ஷன் முடியும்வரை கூடவே வரும். கடைசி நாள் மதியம் விலை இறங்கும், யாருக்கும் மூட்டையைத் திரும்பச் சுமக்க மனமிருக்காது. சில்லறை நோட்டாகப் பணம், சின்ன டார்ச், ஒரு லென்ஸ், பாதி காலியான பெட்டி, கூடத்தின் ஏசி குளிருக்கு ஸ்வெட்டர். இவ்வளவு போதும். வாங்கியதைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பசைத் தலைக்கு வெயில் ஆகாது.

பணத்தைவிட அங்கே செல்லுபடியாவது கைவேலை. முடி நடுவது, கறை எடுப்பது, செருப்பு வார்ப்பது என்று ஆளுக்கொன்று தெரிந்திருக்கும், கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். என்னிடம் இருந்தது புடவை. பதினொன்றரை அங்குலப் பார்பி ஆறில் ஒரு பங்கு அளவு. ஆறு கஜப் புடவைக்கு ஒரு கஜம் என்று கணக்கு அழகாகத்தான் வரும். கட்டிப் பார்த்தால் பொம்மை கர்ப்பிணி மாதிரி நிற்கும். நீள அகலம் சுருங்கினாலும் துணியின் தடிமன் சுருங்குவதில்லையே! எனவே முக்கால் கஜம் போதும். பழைய ஷிஃபான் துப்பட்டாவை ஏழரை அங்குல அகலத்தில் வெட்டி, கொசுவத்தை முதலிலேயே ஊசியால் பிடித்து, இடுப்பில் செருகி, தண்ணீர் தெளித்து, நூலால் மேலிருந்து கீழ்வரை சுற்றிக் கட்டி ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். காலையில் நூலை அவிழ்த்தால் மடிப்பு அப்படியே நிற்கும். சிவப்புத் துணி என்றால் சாயம் போகும்வரை முன்பே அலசிவிடுங்கள். இதை அந்த ஒஹையோ அம்மாவுக்குக் கட்டிக் காட்டினேன். பதிலுக்கு ஒரு சாயக் கறையை எடுப்பது எப்படி என்று என் கையைப் பிடித்துச் செய்யவைத்தார்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. 1990-களில் இந்தியக் கடைகளில் விற்ற, பெட்டியில் லியோ மேட்டல் என்று போட்டிருக்கும் புடவை பார்பி, வீட்டு அலமாரியில் எங்காவது கிடக்கிறதா பாருங்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பலர் அதைத் தேடுகிறார்கள், அங்கே கடைகளில் சாதாரணமாகப் பார்க்கக் கிடைத்ததில்லை. பெட்டி கிழிந்திருந்தாலும் எடுத்துப் போங்கள். விற்கத்தான் வேண்டும் என்றில்லை. அறைக் கதவைத் திறந்து வைத்து அதைக் கட்டில்மேல் நிறுத்துங்கள், ஆட்கள் தானாக வருவார்கள்.