விரைவும் முறையும்

உதகை, மைசூர், கேரளம் ஆகிய மூன்று திசைச் சாலைகளும் கூடுமிடம் நீலகிரியிலுள்ள கூடலூர். அங்கிருந்து உதகைக்கு ஏறும் பேருந்து, நடுவட்டம், பைக்காரா என வழியிலுள்ள ஊர்களில் வரிசையாகவே பயணிகளை இறக்கிச் செல்லும். உதகைக்குரியவர் முதலில் சீட்டு வாங்கினார் என்பதற்காக, அவரை முதலில் இறக்கிவிட்டுப் பேருந்து நடுவட்டத்துக்குத் திரும்புவதில்லை.

கணினியிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. இயங்குதளத்தின் உயிர்நிலையான பகுதி கரு எனப்படும். சேமிப்பு வட்டில் படிக்கவோ எழுதவோ விரும்பும் நிரல்கள் கருவினிடமே வேண்டுகின்றன. கரு ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒரு சீட்டைப்போலக் குறித்துக்கொள்கிறது. படிப்பதா எழுதுவதா, வட்டின் எவ்விடத்தில், எவ்வளவு, நினைவகத்தின் எப்பகுதியில் என்பன அதில் அடங்கும். அடுத்தடுத்த இடங்களுக்குரிய சீட்டுகளை ஒன்றாக்கி, மற்றவற்றை இடவரிசையில் அடுக்கி அனுப்புவதால், சுழலும் வட்டின் படிமுனை வீணே அலைவதில்லை.

ஆயின், அருகிலுள்ள இடங்களுக்கே சீட்டுகள் வந்துகொண்டிருந்தால், தொலைவிடத்துச் சீட்டு காத்தே கிடக்குமன்றோ? இக்குறையைக் களைய, ஜென்ஸ் ஆக்ஸ்போ என்பார் 2002-ஆம் ஆண்டில் லினக்சு கருவில் காலக்கெடு முறையை அமைத்தார். படிக்கும் சீட்டுக்கு அரை நொடியும், எழுதும் சீட்டுக்கு 5 நொடியும் பொதுவான கெடு. படிக்க வேண்டிய நிரல், விடை கிடைக்கும்வரை பெரும்பாலும் மேற்செல்ல இயலாது. ஆதலின் அதன் கெடு குறுகியது. கெடு கடந்த சீட்டு, வரிசையை மீறி முன்னே அழைக்கப்படும். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்தின் கருவும் லினக்சே.

இக்காலத்துத் திண்மச் சேமிப்பகங்களில் சுழலும் வட்டில்லை. இடவரிசையின் தேவையும் குறைந்தது. எனினும், எச்சீட்டும் மறக்கப்படலாகாது என்னும் முறை மாறவில்லை. பலருக்கும் பணிபுரிவோர்க்கு விரைவு மட்டும் போதாது. தொலைவில் காத்திருப்பவரை நினைவில் வைத்தலும் வேண்டும்.