பார்வை மங்கினால் கம்ப்யூட்டரை மூடி வைக்கணுமா?

“எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது சார். கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து உட்கார்ந்தே கண்ணு போச்சு!”

அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுபவரும் சொல்வார், ஆவடி டேங்க் ஃபேக்டரி ஆபீஸில் இருப்பவரும் சொல்வார். ஆனால் கம்ப்யூட்டர் பார்வையைப் பறிப்பதில்லை. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது. அதனால் கண் காய்ந்து எரியும், அவ்வளவுதான். எழுத்து மங்கினால் காரணம் வேறு. வெள்ளெழுத்து என்றால் கண்ணாடி போதும். புரை என்றால் ஆபரேஷன். இதெல்லாம் செய்த பிறகும் தெளியாமல் நிற்கிற பார்வையைத்தான் டாக்டர்கள் ‘லோ விஷன்’ என்கிறார்கள். அதாவது, குறைப்பார்வை.

குறைப்பார்வைக்காரர் என்றதுமே “எழுத்தைப் பெரிசாக்கு” என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. வயதால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவருக்கு, பார்க்கிற இடத்திலேயே ஒரு கறை நிற்கும். இவருக்குப் பெரிய எழுத்து நன்றாகவே உதவும். கண் நீர் அழுத்த நோய் முற்றியவருக்கோ, குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். இவருக்கு எழுத்தை நாலு மடங்காக்கினால் குழாய்க்குள் ஒரு எழுத்துதான் நிற்கும், வார்த்தையே பிடிபடாது! சின்ன எழுத்தாகவே வைத்து, கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் போதும். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களில் பலருக்கு வெள்ளைத் திரை கூசும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் நிம்மதி.

இதற்கெல்லாம் காசு செலவில்லை. விண்டோஸ் கீயையும் ப்ளஸ் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். பூதக்கண்ணாடி வந்துவிடும். அது ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்துத் தட்டினால் நிறங்கள் தலைகீழாகும். வேண்டாம் என்றால் விண்டோஸ் கீயோடு எஸ்கேப். இன்னொரு எளிய வழி, திரையைக் கிட்டே இழுப்பது. இரண்டடி தூரத்தை ஓரடியாக்கினால் எழுத்து இரண்டு மடங்காகத் தெரியும். “கிட்ட உட்காராதே, கண்ணு கெட்டுடும்” என்று வீட்டில் அதட்டுவார்கள். கெடாது.

கண்ணால் படிப்பதே சிரமம் என்றால் காதுக்கு மாறிவிடலாம். ‘என்விடிஏ’ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற நண்பரோடு வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். திரையில் உள்ளதை அது வாசிக்கும், தமிழும் வாசிக்கும். குரல் என்னவோ ரோபோ மாதிரிதான், பழகிவிடும். வாயை மூட வைக்க கன்ட்ரோல் கீ. பேங்க் கணக்கைப் பார்க்கும்போது மட்டும் மறக்காமல் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள்!

ஒரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல் கண்ணுக்குத்தான் தமிழ். மென்பொருளுக்கு அது அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. யூனிகோடில் இருந்தால்தான் வாசிக்கும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பல ஆபீஸ்களில் பழைய பழக்கம் விடவில்லை என்பது வேறு கதை.

செல்போனிலும் இதே வசதிகள் உண்டு. ஆண்ட்ராய்டில் ‘டாக்பேக்’, ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’. ரூபாய் நோட்டு பிடிபடவில்லையா? ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட ‘மணி’ செயலி, எத்தனை ரூபாய் என்று வாய்விட்டுச் சொல்லும். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், தெரியாது.

பலர் பார்வைக் குறையை ஆபீஸில் மூடி மறைப்பதே வேலை போய்விடுமோ என்கிற பயத்தில்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்ததற்காக, அரசு நிறுவனம் எதுவும் ஊழியரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலை முடியாது என்றால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்.

பயிற்சிக்கு ஊர் ஊராய் அலைய வேண்டாம். டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் 1988 முதல் பூந்தமல்லியிலேயே இருக்கிறது. நேரில் போய் விசாரியுங்கள். குறைப்பார்வைக்குத் தனிப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்குப் போகும்போது, உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பேப்பர் படிக்கிற கண்ணாடியின் பவர் அந்தத் தூரத்துக்குப் பொருந்தாது. டாக்டர் அதற்கென்று தனியாகப் பார்த்துக் கொடுப்பார்.