இ-சிம்: ஆலையிலேயே முடிவாகும் இணைப்பு

இ-சிம் என்றால் சிம்மே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. கார், ஸ்மார்ட் மீட்டர், வாகன ட்ராக்கர் ஆகியவற்றில் 6 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் அகலமும் உள்ள சில்லாக, சர்க்யூட் போர்டிலேயே அதைப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் 32 இலக்க அடையாள எண் உண்டு. மாற்றக்கூடியது அதனுள் ஏற்றப்படும் ‘புரொஃபைல்’ மட்டுமே. கருவி எந்த மொபைல் நிறுவனத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் எண்களும் ரகசியச் சாவிகளும் அதில்தான் இருக்கின்றன.

க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து கைபேசியில் ஏற்றுவதுபோல ஆலையிலும் ஏற்றிவிடலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. கைபேசிக்கு வைஃபை உண்டு, திரை உண்டு, ‘சம்மதம்’ என்று அழுத்த ஆள் உண்டு. தண்ணீர் மீட்டருக்கு இவை எதுவும் கிடையாது. ஆலையில் ரேடியோ சோதனை நடப்பதோ வெளி அலைகள் புகாத உலோகப் பெட்டிக்குள். ஒவ்வொரு கருவியும் சிக்னல் பிடித்துப் புரொஃபைலை இறக்கும்வரை தயாரிப்பு வரிசை நிற்க முடியாது. இதற்காகவே மொபைல் நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ, எஸ்ஜிபி.41 என்ற தனி வரையறையை வகுத்திருக்கிறது. புரொஃபைல்கள் முன்கூட்டியே மொத்தமாக ஆலைக்கு வந்துவிடும். கருவி நெட்வொர்க்கைத் தேடாமலே அவை உள்ளே ஏறிவிடும்.

அப்படியானால் சாவிகள் ஆலை ஊழியர் கையில் சிக்காதா? சிக்காது. புரொஃபைல் குறியாக்கம் செய்யப்பட்டே வருகிறது. அதைத் திறப்பது சில்லு மட்டும்தான்.

ஆபத்து வேறோர் இடத்தில் இருந்தது. ரேடியோ சோதனைக்கென்று ஆலைகளும் ஆய்வகங்களும் பயன்படுத்தும் ‘சோதனைப் புரொஃபைல்’ ஒன்று உண்டு. அதன் சாவிகள் ஊரறிந்தவை. போலந்தின் செக்யூரிட்டி எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் ஆய்வகம் அந்த வழியாகக் கிகென் நிறுவனத்தின் சில்லுக்குள் தீங்கான செயலியை நுழைத்து, சில்லின் சான்றிதழையே வெளியே எடுத்துக் காட்டியது. 2025 ஜூலையில் இது வெளியே தெரிந்தது. முதலில் சில்லைக் கையில் வைத்திருந்தால்தான் இந்தத் தாக்குதல் நடக்கும் என்பது உண்மை. ஆனால், தெருவோரக் கம்பத்தில் தொங்கும் மீட்டர் யார் கைக்கும் எட்டும். கிகென் ஓட்டையை அடைத்தது, கண்டுபிடித்தவர்களுக்கு 30,000 டாலர் பரிசும் தந்தது. ஜிஎஸ்எம்ஏ சோதனைப் புரொஃபைலின் வரையறையைத் திருத்தியது. சோதனைக் கதவைப் பூட்டாமல் சரக்கை அனுப்பும் ஆலை, சோதனையைப் பாதியில் விட்ட ஆலைதான்.

ஒரே வெளிநாட்டுப் புரொஃபைலை ஏற்றி அனுப்பினால் எந்த நாட்டிலும் ரோமிங்கில் காலமெல்லாம் ஓடும் என்பதும் தவறு. பிரேசிலும் துருக்கியும் நிரந்தர ரோமிங்குக்குத் தடை போடுகின்றன. இந்தியாவில், இறக்குமதியான கருவிகளின் இ-சிம்மை ஆறு மாதத்துக்குள் உள்நாட்டு நிறுவனத்தின் புரொஃபைலுக்கு மாற்ற வேண்டும் என்று 2024 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. பற்றவைத்த சில்லைக் கழற்றி மாட்ட முடியாது. ஆகவே, இத்தகைய கருவிகளை ஆயிரக்கணக்கில் வாங்கும் நகராட்சிகளும் போக்குவரத்துக் கழகங்களும் டெண்டரிலேயே கேட்டுவிட வேண்டும்: புரொஃபைலைத் தொலைவிலிருந்து மாற்ற முடியுமா, மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது?